சேற்றில் ஒரு கொடை: தோவாளைப் பக்கத்துக் குறிப்புகள்

வியாழன், இரவு

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் கடலையும் வள்ளுவர் சிலையையும் எதிர்பார்க்கிறவர்கள் இந்தக் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடலாம். நான் இருக்கும் இடத்திலிருந்து கடல் தெரியாது. தோவாளையிலிருந்து உள்ளே விலகிய ஒரு சிற்றூர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் காற்றாலைகள், நடுவே குளமும் வயலும். தோழியின் அம்மா பிறந்த ஊர். இங்குள்ள சுடலைமாடன் கோயிலில் வைகாசிக் கொடை, அதாவது கோயில் திருவிழா. இன்று குடியழைப்பு, நாளை கொடை, சனிக்கிழமை இரவு வெளியூர்க் குழு ஒன்றின் இன்னிசைக் கச்சேரி. வில்லுப்பாட்டு, ஆடிப்பாடிக் கதை சொல்லும் கணியான் கூத்து, நையாண்டி மேளம் மூன்றையும் ஒரே இடத்தில் விடிய விடியக் கேட்கலாம் என்று ஆசை காட்டி என்னை இழுத்து வந்திருக்கிறாள் தோழி. இசைவிழா என்ற பெயரே இல்லாமல் இங்கே நடக்கிற இசைவிழா கொடைதான் என்பது அவள் கட்சி.

மழையைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை.

நாகர்கோவில் சந்திப்பில் இறங்கியபோது தூறல். தோழியின் அண்ணன் காரில் ஏறித் தோவாளையை நெருங்கும்போது கண்ணாடித் துடைப்பான் ஓய்வில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் இறங்கும். இந்த மாவட்டத்துக்கும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். பெரியவர்கள் வாயில் அது பருவமழை அல்ல, இடவப்பாதி; மலையாள இடவ மாதத்தின் பாதியில் வருவது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தாலுகாக்கள் அல்லவா, மாதக் கணக்கில் மலையாளம் இன்னும் மிச்சமிருக்கிறது.

"இடவப்பாதிக்கு இன்னும் நாள் கிடக்கிறது மக்களே. கொட்டுவதெல்லாம் கல்குளம், விளவங்கோடு பக்கம். நமக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேகத்தை அடித்துக்கொண்டு போய்விடும்" என்றார் தோழியின் மாமா. விழாக் குழுவில் இருப்பவர். அப்படித்தான் பேச வேண்டும். அவர் சொல்லி முடித்த கையோடு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த பந்தல் துணி மொத்தமும் நனைந்தது.

குடியழைப்பு சாமியைக் கோயிலுக்கு வரச்சொல்லி அழைக்கிற சடங்கு. அதைப் பற்றி நாளை விரிவாக எழுதலாம் என்று பார்க்கிறேன், தூக்கம் கண்ணைக் கட்டுகிறது. ஒன்றை மட்டும் இப்போதே குறித்துவிடுகிறேன். நகரத்து மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் வில்லுப்பாட்டுக்காரர்கள் நம்மைப் பார்த்து உட்கார்ந்து பாடுவார்கள். இங்கே வில் கருவறையைப் பார்த்துக் கிடக்கிறது. பாடுகிறவர்களும் சாமியைப் பார்த்தே பாடுகிறார்கள். கூட்டத்துக்கு வாய்ப்பது அவர்களுடைய விலாப்புறமும் பின்கழுத்தும்தான். கேட்பவர் யார் என்பதில் இந்த ஊருக்குக் குழப்பமே இல்லை. நாமெல்லாம் ஓரமாக நின்று ஒட்டுக்கேட்கிறவர்கள்.

வெள்ளி, மாலை

சேறு. முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

கோயில் குளத்துக்கும் வயலுக்கும் இடையே தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. வயலில் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் நிற்பதால் அங்கே ஒரு சைக்கிளைக்கூட இறக்க முடியாது. வந்த வண்டிகள் எல்லாம் குளத்தங்கரையில் ஏற, கரை குழைந்து, குழைந்தது வழிந்து கோயில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. காலை பத்து மணிக்குக் கணுக்கால், நண்பகல் உச்சிக்கொடை நேரத்துக்கு முழங்காலுக்கு அரைச்சாண் கீழே. சேறு வட்டிக்காரன் மாதிரி காலைப் பிடித்துக்கொண்டது. விட்டபோது செருப்பை வைத்துக்கொண்டு விட்டது. பொங்கலிடும் பெண்கள் நேற்றே செங்கல் அடுக்கிக் கூட்டிய அடுப்புகளில் தண்ணீர் நின்றது. பிள்ளைகளுக்கு மட்டும் இது கொடையிலும் பெரிய கொடை. புதுச்சட்டையோடு ஒருவன் குளத்தங்கரைச் சரிவில் பனை மட்டையில் உட்கார்ந்து சறுக்கி, கீழே தவில்காரரின் காலடியில் வந்து நின்றான். அவர் ஒரு அடி கூடத் தப்பாமல் வாசித்துக்கொண்டே அவனை முறைத்தார்.

நையாண்டி மேளத்தை நான் நிறையச் சொல்லப்போவதில்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தாளம். மழையில் அவர்கள் ஒரு தகரக் கூரைக்குக் கீழே முடங்கிவிட்டார்கள். நடமாடி வாசிக்க வேண்டிய மேளத்தை நிற்க வைத்தால் பாதி உயிர் போய்விடுகிறது. கரகாட்டம் நடக்கவே இல்லை.

கணியான் கூத்துக்காரர்களின் கதை வேறு. அவர்களுக்கு மகுடம்தான் எல்லாம். வட்ட மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் ஒட்டிய கருவி. இரண்டு மகுடம் உண்டு, ஒன்று உச்சம், மற்றது மந்தம். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், தொய்ந்தால் உச்சமும் மந்தமும் ஒரே குரலில் முனகும். அதனால் ஆட்டத்துக்கு நடுவே அடிக்கடி நெருப்பில் காய்ச்ச வேண்டியிருக்கிறது.

கோயில் மதிலோரத்தில் உச்ச மகுடக்காரர் காய்ச்சுவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். ஒரு கைப்பிடி தென்னோலையைக் கொளுத்தினார். மகுடத்தைச் சாய்த்துப் பிடித்து, தோலில் தீ படாமல் சூடு மட்டும் படும்படி, சட்டத்தை விரல் விரலாகத் திருப்பினார். தோலிலிருந்து ஈரம் ஆவியாக எழும்பியது. நடுவிரலால் ஒரு தட்டு. காதருகே கொண்டுபோனார். முகம் திருப்தியாக இல்லை. இன்னொரு சுற்று. மறுபடி ஒரு தட்டு, இந்த முறை விளிம்பில். அதுவரை தொப்பென்று விழுந்துகொண்டிருந்த ஓசை சுரீரென்று நிமிர்ந்தது. எழுந்து ஓடினார், ஏனென்றால் இந்த மழையில் அந்தக் குரல் கால்மணி நேரம் நின்றாலே அதிகம்.

ஓடுவதற்கு முன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "காய்ந்த ஓலை எங்கேயாவது கிடைக்குமா அம்மா?"

அதுதான் இன்றைய ஊர்ப் பிரச்சினை. மகுடத்துக்குக் காய்ந்த ஓலை வேண்டும். பொங்கலுக்குக் காய்ந்த விறகு வேண்டும். நள்ளிரவில் சாமி மயானத்துக்கு வேட்டைக்குப் போகும்போது பிடிக்கிற தீப்பந்தத்துக்கும் நனையாத துணி வேண்டும். மாமாவின் தொழுவத்துப் பரணில் இருந்த ஓலையைப் பொங்கல்காரப் பெண்கள் ஒரு பக்கமும் கணியான் குழுப் பையன் ஒரு பக்கமும் இழுத்ததைப் பார்த்தேன். பெண்கள் ஜெயித்தார்கள். பையன் கையில் இரண்டு ஓலை தங்கியது.

வெள்ளி இரவு (சனி விடிந்தபின் எழுதியது)

இந்தப் பயணத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமை ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். இந்தப் பக்கத்தில் பெண்கள் தலைமையேற்றுப் பாடுவது இன்று சாதாரணம். பச்சைப் பட்டு, இரண்டு கைகளிலும் வில்லின் நாணில் அடிக்கிற வீசுகோல். எதிரே பத்தடிக்குக் குறையாத வில், அதன் வளைவில் வரிசையாக மணிகள். வில்லைத் தாங்குகிற குடத்தருகே அவருடைய அப்பா. ஒரு கையில் பத்தி என்கிற அடிமட்டை, மறுகையில் ஒரு நாணயம். பத்தி குடத்தின் வாயில் அறையும்போது கும் என்ற ஓசை, நாணயம் வயிற்றில் படும்போது கிண் என்ற ஓசை. உடுக்கை, தாளம், கட்டை. வலம் பாடுகிறவர் ஒருவர், இடம் பாடுகிறவர் இருவர். அக்கா ஒரு வரியைப் பாட, அவர்கள் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார்கள்.

கதை சுடலையின் பிறப்பு. பிள்ளை வேண்டிய பார்வதி முந்தானையை விரித்து நிற்க, விளக்கிலிருந்து தெறித்த பொறி அதில் விழுந்து பிள்ளையாகிறது. கைலாயத்தில் தொட்டில் கட்டுகிறார்கள். நள்ளிரவில் பிள்ளைக்குச் சுடுகாட்டில் எரியும் பிணத்தின் வாடை மூக்கில் ஏறுகிறது. தொட்டிலை விட்டு இறங்கி மயானத்துக்குப் போகிறது. இந்த ஊரில் கதை அந்த இடத்தைத் தொடும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும், பந்தத்தோடு அவர் மயானத்துக்குக் கிளம்புவார். அதற்குள் பொங்கல் பொங்கி, படைப்பு தயாராக இருக்க வேண்டும். பாட்டு, சோறு, சாமி மூன்றும் ஒரே நிமிடத்தில் வந்து சேர வேண்டிய ஏற்பாடு.

பதினொன்றரை மணிக்குப் பிள்ளை தொட்டிலில் கிடந்தது. பொங்கல் பானையிலோ தண்ணீர் கூடச் சூடாகவில்லை. பெண்கள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள்; வந்ததெல்லாம் புகை. குழு ஆள் ஒருவர் சேற்றில் தத்தளித்து வந்து அக்காவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அக்கா தலையைக் கூட ஆட்டவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். குடத்தின் தாளம் தளர்ந்தது.

தாலாட்டு தொடங்கியது.

முதலில் சாதாரணத் தாலாட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு வலம் பாடுகிறவர் இடைமறித்தார்: "அது சரி, தொட்டில் எந்த மரத்தில் செய்தது?" அக்கா தேக்கு என்றார். "தேக்கு கிடைத்ததா?" கிடைக்கவில்லை, தச்சன் காடு காடாக அலைந்தான் என்று பாட்டு புறப்பட்டது. வேங்கையைப் பார்த்தான், விரிசல். பலாவைப் பார்த்தான், பழம் நிற்கிறது, வெட்ட மனமில்லை. புன்னையில் பறவைக் கூடு. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பாட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சுற்று. மரம் கிடைத்தபின் தொட்டிலுக்கு மணி கட்டினார்கள். மணி கட்டியபின் சொந்தக்காரர்கள் சீர் கொண்டுவந்தார்கள். யார் அரைஞாண் கொண்டுவந்தார், யார் தண்டை கொண்டுவந்தார், யார் ஒன்றும் கொண்டுவராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று பட்டியல் நீண்டது. கடைசி ஆளைப் பாடும்போது அக்கா விழாக் குழு உட்கார்ந்திருந்த திசையில் வீசுகோலை ஒரு நொடி நீட்டினார். கூட்டம் சிரித்த சிரிப்பில் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் மின்சாரம் போய்விட்டது. மைக் இல்லாத பாட்டுக்குத் தனி அழகு உண்டு என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. தகரக் கூரையில் மழை அறைகிறது, பாடுகிறவர்கள் நமக்கு முதுகு காட்டியிருக்கிறார்கள். பாதி வரிகள் எனக்குக் கேட்கவேயில்லை. தோழியின் அம்மா காதோரம் திருப்பிச் சொல்லச் சொல்லத்தான் தச்சன் கதை எனக்கு வந்து சேர்ந்தது. ஆனால் கேட்காததற்காக ஒருவரும் நகரவில்லை. மெழுகுவத்தியும் கைபேசி வெளிச்சமும் வைத்துக்கொண்டு கூரைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லாருக்கும் என்ன நடக்கிறதென்று தெரிந்திருந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி சத்தமாகவே சொன்னாள்: "பிள்ளையை இன்னும் கொஞ்சம் தூங்கப்போடு தாயே, இங்கே தீ பிடிக்கவில்லை!"

தீயைக் கொண்டுவந்ததும் அந்தப் பாட்டிதான். வீட்டுக்குப் போய், மழைக்காலத்துக்கென்று அடுக்களைப் பரணில் சேர்த்து வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டையும் தென்னம்பாளைக் கொதும்பும் ஒரு சாக்கு நிறையப் பேரன் தலையில் ஏற்றி வந்தாள். சிரட்டை பற்றிக்கொண்டால் மழையாவது ஒன்றாவது. கொஞ்ச நேரத்தில் வரிசையில் ஒரு பானை பொங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள்.

குரவை கேட்ட அந்தக் கணத்தில் குடம் நிமிர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தொட்டிலில் கிடந்த பிள்ளையை அக்கா மூன்றே வரியில் எழுப்பி, இறக்கி, மயானத்தின் பாதையில் விட்டார். உடுக்கை வெடித்தது. மறுபக்கம் மகுடம் சேர்ந்துகொண்டது. அவர்களுக்கும் யாரோ சிரட்டை கொடுத்திருக்க வேண்டும். கச்சையில் மணி கட்டிய சாமியாடி, அறுபது வயதுக்காரர், பகலெல்லாம் சேற்றில் குச்சி ஊன்றி நடந்தவர், குச்சியை வீசிவிட்டு ஓடினார். பந்தங்கள் அவர் பின்னால் வயல் வரப்பில் போயின. பெண்கள் போகக்கூடாது என்பதால் நான் பார்த்தது அவ்வளவுதான். அவர்கள் திரும்பி வரும்வரை அக்கா பாடிக்கொண்டேயிருந்தார்.

சனி, இரவு

விடிந்ததும் வாழி பாடி வில்லை அவிழ்த்தார்கள். படைப்புச் சோறும் கிடாக்கறியும் வாழையிலையில் வந்தன. மாமா வீட்டில் கருப்பட்டிக் காப்பி, மட்டிப்பழம். இந்த மாவட்டத்து மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; விரல் நீளம்தான் இருக்கும், மணம் அறைக்கு அப்பால் வரை வரும்.

வில்லுப்பாட்டு அக்கா வேனுக்காகத் திண்ணையில் காத்திருந்தார். குரல் சுத்தமாகக் கட்டியிருந்தது. அந்தத் தச்சன் பாட்டு ஏட்டில் இருப்பதா என்று கேட்டேன்.

"தொட்டில் இருக்கிறது. தச்சன் இல்லை" என்றார். "வேங்கை, பலா எல்லாம் அப்பா குடத்திலேயே சொல்லிக்கொடுப்பார். கும் என்று இரண்டு தட்டினால் இன்னும் இழு என்று அர்த்தம். நேற்று அவர் தட்டிய தட்டில் நான் கைலாயத்துக்கே ரோடு போட்டிருப்பேன்."

அப்பா சுக்குக்காப்பியை ஊதிக்கொண்டே, "புன்னை மரம் நான் சொல்லவில்லை, அது அவளாகப் பாடியது" என்றார். அதில் குறையா பெருமையா என்று பிடிபடவில்லை.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லில் பாடினார். அவருக்கு எழுதிக்கொடுத்த சுப்பு ஆறுமுகம் பிறகு தாமே வில்லேந்தி ஊரூராகப் பாடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். நகரத்துக்காரர்கள் வில்லுப்பாட்டை அறிந்திருப்பதே பெரும்பாலும் அவர்களால்தான், அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனாலும் ஒரு மணி நேர மேடையில் பானை பொங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நேற்று நான் கண்ட வித்தை அங்கே தேவைப்படாது, அதனால் வளரவும் வளராது.

இனி இன்றைய இரவு. சுருக்கமாக முடித்துவிடுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கச்சேரி ஏழு மணிக்கு. குழுவின் லாரி ஆறு மணிக்குக் குளத்தங்கரையில் புதைந்தது. ஊரே சேர்ந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தலையில் சுமந்தது. ஒன்பதரை வரை "ஹலோ, ஹலோ" மட்டுமே நிகழ்ச்சி. பிறகு அறிவிப்பாளர் நன்கொடையாளர்கள் பெயரை வாசித்தார். தொகையோடு, தகப்பன் பெயரோடு, வெளிநாட்டில் வேலை பார்ப்பவராயின் அந்த நாட்டின் பெயரோடு. விட்டுப்போன இருவர் மேடைக்கே வந்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து. பாட்டு தொடங்கியபோது மழையும் தொடங்கியது. கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் போர்வை போர்த்தினார்கள், கை உள்ளே, கண் வெளியே. நான்கு பாட்டு. ஐந்தாவதில் ஒலிபெருக்கியிலிருந்து புகை வர, பாடிக்கொண்டிருந்த பெண் மைக்கைத் தூர எறிந்துவிட்டு இறங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், சேற்றில் நின்று மின்சாரத்தோடு யார் விளையாடுவார்கள்? குழுத் தலைவர் மட்டும் மீதித் தொகையை இப்போதே எண்ணி வைத்தால்தான் பெட்டிகளை எடுப்பேன் என்று நின்றார். வில்லுக்கும் கணியான் கூத்துக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அது கூடுதல் என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பதினொன்றுக்கு முற்றம் காலி. நேற்று இதே நேரத்தில், இதே மழையில், நிற்க இடமில்லை.

ஞாயிறு

வெயில். இன்றைக்கு வந்து என்ன பயன்.

லாரியையும், தோழியின் அண்ணன் காரையும், இன்னும் சில வண்டிகளையும் காலையில் டிராக்டர் இழுத்துப் போட்டது. டிராக்டர்காரர் கார் அளவைப் பார்த்து வாடகை சொன்னார். ஜீன்ஸ் துணியில் ஏறிய குளத்துச் சேறு துவைத்தால் போகாது, காயவிட்டுத் தட்டு என்றார் தோழியின் அம்மா. தட்டிப் பார்த்ததில் நிறம் மட்டும் தங்கிவிட்டது. தோவாளைப் பூச்சந்தையை எட்டிப் பார்க்கலாம் என்று போனோம், விடியற்காலை வியாபாரம் அது. நாங்கள் போனபோது வாழைநாரும் பிச்சி மொட்டின் காம்புகளும்தான் தரையில் கிடந்தன. வடசேரியில் ரசவடை நன்றாக இருந்தது.

ரயில் ஆரல்வாய்மொழி தாண்டும்போது மாமா போன் செய்தார். குழுக் கூட்டம் முடிந்துவிட்டதாம். அடுத்த ஆண்டு கச்சேரி வேண்டுமா என்பதை ஒத்திவைத்திருக்கிறார்கள், இளைஞர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமனதாக நிறைவேறியது ஒன்றே ஒன்று: கோயிலுக்குப் பின்னால் விறகும் ஓலையும் நனையாமல் வைக்க ஓர் ஓட்டுக் கொட்டகை.

"நல்லதுதானே மாமா?"

"நல்லதுதான் மக்களே. அதற்குத் தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்பதில்தான் இப்போது அடிதடி. சிரட்டை கொடுத்த பாட்டி, தன் வீட்டுக்கு வரியே கிடையாது என்று எழுதித் தரச் சொல்லி உட்கார்ந்திருக்கிறாள்."